பொறுப்பு நிற்க ஓர் ஆள்

சிறையிலிருந்து வந்தவர் என்றதும் ஊரில் பலருக்கும் கொலையும் கொள்ளையும்தான் நினைவுக்கு வரும். உள்ளே போகிறவர்களின் கணக்கு வேறு கதை சொல்கிறது. சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிவரங்களைப் புரட்டினால், தண்டனைக் கைதிகளாகச் சேர்க்கப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களாக இருப்பது பல வருடங்களாகத் தெரிகிற உண்மை. அவர்களைவிடவும் அதிகமானோர் விளக்கமறியலில் இருந்துவிட்டு வருகிறவர்கள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லாத நிலையிலேயே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கம்பிக்குள் கழித்தவர்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கணக்குக்கு ஆட்களைத் தேட வேண்டியதில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆற்று மணல் ஏற்றிய உழவு இயந்திரச் சாரதி, டைனமைட் போட்டு மீன் அள்ளியதில் அகப்பட்டவர், வீட்டுப் பின்வளவில் கசிப்பு வடித்தவர், மனைவி பிள்ளைகளுக்குத் தாபரிப்புப் பணம் கட்டாமல் பிடியாணையில் சிக்கியவர் என்று வரிசை நீளும். எல்லாவற்றுக்கும் மேலே போதைப்பொருள் வழக்குகள். ஹெரோயினை இங்கே குடு என்பார்கள். அதன் இடத்தை இப்போது ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமைன் பிடித்துவருகிறது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐஸையும் கடுந்தண்டனைக்குரிய பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் பொலிஸார் நாடு முழுவதும் தேடுதலைத் தொடங்கியபோது சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதானார்கள். பிடிபட்டது என்ன பொருள், எத்தனை கிராம் என்பதைச் சொல்ல அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தாக வேண்டும். அது வரும்வரை மறியல் நீண்டுகொண்டே போகும்.

இப்படி உள்ளே போய் வருகிற ஒருவரோடு, வெளியே வந்தபின் கூட நடப்பதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் அதைச் செய்யலாம். நீதிமன்றத்தோடு இணைந்த சமுதாயம்சார் சீர்திருத்த உத்தியோகத்தர் செய்யலாம். ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராகவும் இருக்கலாம். பதவிப் பெயர் எதுவானாலும் ஊரார் அதை ‘கவுன்சிலிங்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள்: இரண்டு கதிரை, ஒரு மேசை, அறிவுரை. உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி அந்த அறைக்கு வெளியே நடக்கிறது. சிறையிலிருந்து வந்தவரின் மனம் தேறுவது, அவருக்காகப் பொறுப்பு நிற்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. அந்த ஆட்களைத் தேடிச் சேர்ப்பதுதான் இந்தப் பணியின் மையம். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தத் தொழிலின் மூதாதை ஒரு செருப்புத் தைப்பவர். 1841இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர நீதிமன்றத்தில், குடித்ததற்காக நிறுத்தப்பட்டிருந்த ஒருவரை ஜோன் அகஸ்டஸ் என்பவர் தன் பிணையில் எடுத்தார். வீட்டுக்குக் கூட்டிப் போனார், வேலை தேடிக் கொடுத்தார், தவணைக்குத் திருந்திய கோலத்தில் நீதவான் முன் கொண்டுவந்து நிறுத்தினார். 1859இல் இறக்கும்வரை ஏறத்தாழ 2,000 பேருக்கு அவர் இப்படிப் பிணை நின்றார். நன்னடத்தை முறை என்று உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுவே விதை. சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர் பின்னால்தான் வந்தார். முதலில் வந்தது ‘நான் பொறுப்பு’ என்று சொல்ல எழுந்து நின்ற ஓர் ஆள்.

இலங்கைக்கு அது 1944ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமாக வந்தது. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணங்களிடம் போயின. நாளடைவில் நன்னடத்தை உத்தியோகத்தரின் நேரத்தைச் சிறுவர்களே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்தவர்களுக்கென்று 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயம்சார் சீர்திருத்தச் சட்டம் வந்தது. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாப் பொதுவேலை, உளவளத்துணை, போதை மீட்புச் சிகிச்சை, தொழிற்பயிற்சி ஆகியவற்றைக் கட்டளையாக விதிக்க அது நீதவானுக்கு இடம் கொடுக்கிறது. நல்ல சட்டம். மருத்துவமனை வளவையோ பாடசாலை மதிலையோ துப்புரவு செய்யும் ஒருவர் மாலையில் தன் வீட்டுக்குப் போகிறார், மறுநாள் கூலி வேலையையும் இழப்பதில்லை.

இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்தக் கட்டளை சிறைக்குப் போகாதவருக்கானது. நிபந்தனையோடு விடப்படும் சிலரைத் தவிர, தண்டனையை முழுதாக முடித்து வருகிறவர் மீது நீதிமன்றத்தின் கட்டளை எதுவும் கிடையாது. விளக்கமறியலிலிருந்து பிணையில் வருகிறவருக்கோ வழக்குத் தவணை மட்டும் உண்டு. வெசாக்கிலோ சுதந்திர தினத்திலோ பொதுமன்னிப்பில் விடுவிக்கப்படுகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். காலையில் பெயர் வாசிப்பார்கள், மத்தியானம் பஸ் நிலையத்தில் நிற்பார்கள். இவர்களில் யாரையும் தேடிப் போக வேண்டிய கடமை எந்த அலுவலகத்துக்கும் தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. அதனால் இந்தப் பணி பெரும்பாலும் ஒருவர் தானாக எடுத்துச் செய்கிற வேலையாகவே இருந்துவருகிறது. பணியாளருக்கு அதிகாரம் இல்லை என்பதும் இதன் இன்னொரு பக்கம். ‘வராவிட்டால் கோட்டுக்கு எழுதுவேன்’ என்று அவரால் சொல்ல முடியாது. நம்பிக்கை ஒன்றே கையில் இருக்கும் கருவி.

கோப்பைக் கண்டால் வரும் பயம்

அந்த நம்பிக்கை இந்த மாவட்டத்தில் இலகுவாகக் கிடைப்பதில்லை. 2009இல் போர் முடிந்ததும் விடுதலைப் புலிகளின் உறுப்பினர்கள் என்று கருதப்பட்ட சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர். வெளியே வந்தபிறகும் வீடு தேடி விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், படிவம் நிரப்பினார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் புனர்வாழ்வு நிலையங்களை நடத்திய நிர்வாகமே பிற்பாடு போதைக்கு அடிமையானவர்களையும் பொறுப்பேற்றது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினார்கள். அவ்வருடம் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் முன்னாள் போராளிகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அது அரசியலமைப்போடு முரண்படுகிறது என்று உயர் நீதிமன்றம் சொன்னபிறகே அந்தப் பகுதி நீங்கி, 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக வந்தது.

இதெல்லாம் ஒரு வீட்டு முற்றத்தில் எப்படித் தெரியும்? கையில் கோப்போடு ஒருவர் வாசலுக்கு வந்தால், ஐஸ் வழக்கில் போன இளைஞனின் தாய்க்கு முதலில் வருவது பயம். ‘எங்கையிருந்து வாறீங்க?’ என்ற கேள்விக்கு ‘உதவி செய்ய வந்திருக்கிறோம்’ என்பது அவருக்குப் பழகிப்போன, நம்பமுடியாத பதில். அனுபவமுள்ள பணியாளர் முதல் சந்திப்புக்குக் கோப்புக் கொண்டு போவதில்லை. அலுவலக வாகனத்தையும் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார், பக்கத்து வீடுகள் எட்டிப் பார்க்காதபடி. எந்த அலுவலகம், யார் சொல்லி வந்தது, பேசுவதில் எது எழுதப்படும், எது எழுதப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். பொலிஸுக்குத் தகவல் போகாது என்ற வாக்குறுதியோடு அதன் எல்லையையும் அப்போதே சொல்ல வேண்டும்: ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்றாலோ, தன் உயிரையோ இன்னொருவரின் உயிரையோ எடுக்கப்போகிறார் என்றாலோ மௌனமாக இருக்க முடியாது. எல்லையைப் பின்னால் சொன்னால் அது துரோகமாகத் தெரியும்.

சிறை உடம்பில் விட்டுப்போவது

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு சிறைச்சாலைகள் பற்றிய விரிவான ஆய்வொன்றை 2020இல் வெளியிட்டது. இடமில்லாமல் மலசலகூடத்துக்குப் போகும் வழியில்கூட ஆட்கள் படுப்பதை அது பதிவு செய்திருக்கிறது. கொள்ளளவைவிட இரண்டு மூன்று மடங்கு ஆட்கள் அடைக்கப்பட்ட கூடத்தில் நிமிர்ந்து படுப்பதே பெரிய வசதி. சரிந்து படுத்தவர் மறுபக்கம் திரும்புவதற்குப் பக்கத்தில் படுத்தவரும் திரும்ப வேண்டும். இரவு முழுக்க விளக்கு எரியும். யாரோ இருமுவார், யாரோ சண்டை பிடிப்பார், யாரோ அழுவார். அந்தச் சத்தத்துக்குள் மாதக்கணக்கில் தூங்கப் பழகிய உடம்பு, வெளியே வந்து சொந்தப் பாயில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் படுக்கும்போது திகைத்துப்போகும்.

அதனால்தான் பழகிய பணியாளர்கள் முதல் பேச்சைத் தூக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். ‘ஏன் இதைச் செய்தாய்’ என்ற கேள்வியைத்தான் பொலிஸார், சட்டத்தரணி, நீதவான், மாமனார் எல்லாரும் கேட்டு முடித்திருக்கிறார்களே. ‘ராவைக்கு நித்திரை வருகுதா?’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்கு வரும் பதிலில் பல விசயங்கள் அடங்கியிருக்கும்: எங்கே படுக்கிறார், யார் வீட்டில், கனவு வருகிறதா, தூங்குவதற்காக எதையாவது தேடுகிறாரா. தற்கொலை எண்ணத்தையும் இந்த இடத்தில் நேராகவே கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போக வேண்டும். நேரம் கெட்ட நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

குடு பாவித்தவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு, அது குடும்பத்தாருக்குப் பெரும்பாலும் தெரியாது. மறியலில் மாதக்கணக்கில் பாவிக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்த முதல் கிழமையில் பழைய கூட்டாளி கொடுக்கும் பழைய அளவே உயிரை எடுத்துவிடும். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு கிழமைகளில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு அதே வயது, பால், இனத்தைச் சேர்ந்த பொதுமக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு என்று காட்டியது. போதை மிகையால் இறக்கும் வாய்ப்பு 129 மடங்கு. நாடு வேறு, மருந்தின் கலப்பு வேறு. உடம்பின் விதி ஒன்றுதான். ‘இனித் தொடவே மாட்டான்’ என்று நம்பும் உம்மாவிடம் இதைச் சொல்வது சங்கடமாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும். ஐஸ் பாவித்தவரிடம் தோற்றம் வேறு: விட்ட பிறகு நாள் முழுக்கத் தூக்கம், எதிலும் பிடிப்பின்மை, சிலருக்கு யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம். வீட்டார் அதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் வாசிப்பார்கள். அது தெளிவதற்கு எடுக்கும் காலம் என்று விளக்கினால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

இதற்கும் அடியில் பழைய காயங்கள் இருக்கின்றன. இன்று முப்பது வயதை எட்டிய மூதூர்க்காரர் ஒருவர் 2004 டிசம்பர் சுனாமியைச் சிறுவனாகக் கண்டவர். 2006 ஓகஸ்ட் சண்டையில் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியவர். சம்பூர்ப் பிள்ளை என்றால் முகாம்களில் வளர்ந்தவர். போரும் இடப்பெயர்வும் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றன என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தன் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஒருவருடைய குற்றத்துக்கு இது சாக்காகாது. ஆனால் சத்தம் கேட்டால் கை நடுங்குகிற ஒருவரிடம் கோப முகாமைத்துவம் பற்றி மட்டும் வகுப்பெடுத்தால் பயன் இராது.

கடதாசி, வீடு, வேலை

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கிண்ணியா, வயது முப்பத்தொன்று, ஒருநாள் படகில் தொழிலுக்குப் போனவர். ஐஸ் வழக்கில் சில மாதம் மறியல், பிறகு தண்டனை. மறியல் திருகோணமலையில், தண்டனைக்காலம் வெளிமாவட்டத்தில். கொழும்புச் சிறையென்றால் 260 கிலோமீற்றர் பஸ் பயணம், பார்க்கக் கிடைப்பதோ சில நிமிடம். மனைவி முதலில் மாதமொருமுறை போனார், பிறகு நிறுத்திவிட்டார். நகை அடகுக்குப் போயிற்று, சட்டத்தரணிக்காக நுண்கடன் எடுத்தாயிற்று. இளைய பிள்ளைக்கு வாப்பா கட்டாரில் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

இவர் வந்து இறங்கும்போது கையில் தேசிய அடையாள அட்டை இல்லை. கைதானபோது வாங்கி வைத்தது எங்கே என்று தெரியவில்லை. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, தொலைபேசிச் சிம் இல்லை, சோதனைச் சாவடியில் மரியாதை இல்லை. தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு, பிறகு கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, பிறகு பிரதேச செயலகம். தன்னைப் பிடித்துக் கொடுத்த பொலிஸ் நிலையத்துக்கே முறைப்பாட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே தனியாகப் போக மாட்டார். பணியாளர் கூடப் போய் வாங்கில் உட்கார்ந்திருந்தால் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும். வெளியே வந்து தேத்தண்ணீர்க் கடையில் அவர் பேசத் தொடங்குவார். மூன்று தரம் அலுவலக அறைக்கு அழைத்தும் வராத பேச்சு அங்கே வரும். காரியத்தைச் செய்துகொண்டே பேசுவதுதான் இந்த மாவட்டத்தில் பலருக்கு ஒத்துவரும் உளவளத்துணை.

வீட்டில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. அவர் இல்லாத காலத்தில் மனைவி இடியப்பம் அவித்து விற்றோ தையல் மெஷினை மிதித்தோ வீட்டைக் கொண்டு போயிருக்கிறார். கடனுக்குப் பதில் சொன்னவர், பாடசாலைக் கூட்டத்துக்குப் போனவர், அஸ்வெசும விண்ணப்பம் போட்டவர் எல்லாம் அவரே. வந்தவரோ பழைய இடத்தில் போய் உட்கார நினைக்கிறார். முதல் மாதச் சண்டைகள் காசைப் பற்றியதாகத் தோன்றினாலும், யார் சொல்லைக் கேட்பது என்பதே அடியில் ஓடும் வழக்கு. இங்கே பணியாளர் மனைவியைத் தனியாகவும் சந்திக்க வேண்டும். அவர் பயப்படுகிறாரா, முன்பு அடி வாங்கியவரா, அவரைத் திரும்ப ஏற்க விரும்புகிறாரா என்று கேட்காமல் ‘குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம்’ என்று எழுதுவது ஆபத்தான பெருமை. சேர விரும்பாத வீட்டுக்கு வெளியே, அண்ணன் வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ ஒரு படுக்கை தேடுவதும் மறுவாழ்வுப் பணிதான்.

பிள்ளைக்குச் சொன்ன கட்டார்க் கதையை என்ன செய்வது? பாடசாலையில் யாராவது உண்மையைச் சொல்வதற்கு முன் பெற்றோரே சொல்லிவிடுவது மேல். எப்படிச் சொல்வது என்பதை இருவரோடும் உட்கார்ந்து, பிள்ளையின் வயதுக்கேற்ற இரண்டு வசனங்களாக ஒத்திகை பார்ப்பார்கள். ‘வாப்பா ஒரு பிழை செய்தேன். அதுக்குத் தண்டனை முடிஞ்சு வந்திட்டேன்.’ இதைச் சொல்லிப் பழகும்போதுதான் பல தகப்பன்மார் முதல் தடவையாகத் தாங்கள் செய்ததை வாய்விட்டுச் சொல்கிறார்கள். குற்ற உணர்வைப் பற்றிய நீண்ட பாடம் எதுவும் அதற்கு ஈடாகாது.

வேலைக்கு வருவோம். துறைமுக மாவட்டம் வேலை நிறைந்தது போலத் தோன்றும். துறைமுகம், சீனக்குடா எண்ணெய்க் குதங்கள், கோதுமை மா ஆலை, சீமெந்து ஆலை, நிலாவெளி உப்புவெளி ஹோட்டல்கள். ஆனால் வாயிலில் அனுமதிச்சீட்டு கேட்கும் இடங்கள் பொலிஸ் ரிப்போட்டையும் கேட்கும். அது கேட்காத தொழில் கடல். படகில் ஏறுகிறவரிடம் படகு முதலாளியான சம்மாட்டி சான்றிதழ் கேட்பதில்லை. கை உழைக்குமா என்று மட்டும் பார்ப்பார். செலவு போக மிச்சத்தில் பங்கு, அன்றன்றைக்குக் காசு. அதனால் பலரைக் கடலே முதலில் ஏற்றுக்கொள்கிறது. அதே கரையில்தான் பழைய கூட்டாளிகளும் நிற்பார்கள். இரவுத் தொழிலில் தூக்கத்தை விரட்ட ஐஸ் உதவும் என்ற பேச்சும் உலவும். கையில் காசு விழும் நேரமே அவருக்கு இக்கட்டான நேரம். ‘கடலுக்குப் போகாதே’ என்று பணியாளர் சொல்ல முடியாது. வேறு சோறு அவரிடம் இல்லை. எந்தப் படகு, யாருடைய படகு என்பதைப் பேசலாம். பங்குக் காசை மனைவியிடமோ உம்மாவிடமோ நேராகக் கொடுக்கச் சம்மாட்டியோடு ஓர் இணக்கம் செய்யலாம், அவரே அதை விரும்பினால்.

இந்த இடத்தில் சம்மாட்டி, பகுதித்தலைவர், மேசன் பாஸ், கராஜ் முதலாளி போன்றவர்கள் பெரிய வைத்தியர்களைவிட முக்கியமாகிறார்கள். ஒருவர் வேலை கொடுத்தால் அடுத்தவர் கேட்பார்: ‘அவன் அவர்ட்ட நிண்டவனா? அப்ப சரி.’ பொலிஸ் ரிப்போட்டுக்கு எதிர்த் தராசில் வைக்க ஊரிடம் இருக்கும் ஒரே படிக்கல் அது. சில நாடுகள் இதைச் சட்டமாகவும் இயக்கமாகவும் ஆக்கியிருக்கின்றன. இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவர் பழைய தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் 2004இல் மஞ்சள் ரிப்பன் திட்டத்தைத் தொடங்கி, முதலாளிகளையும் பொதுமக்களையும் நேராகக் கேட்டது: இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பீர்களா? இலங்கையில் அந்த விவாதம் இன்னும் உரத்து நடக்கவில்லை. அதுவரை ஊர்வாய்ச் சான்றைத்தான் தேட வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு பயிற்சி

பணியாளரின் பேச்சுக் கலையையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் உதவி என்றால் புத்திமதி. ‘பிள்ளைகளை யோசிச்சுப் பாருங்கோ’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், மனம் கதவைச் சாத்திவிடும். வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் 1991இல் நூலாக்கிய ஊக்க நேர்காணல் முறை, மாறவேண்டிய காரணத்தை அந்த ஆளின் வாயாலேயே வரவைப்பது. நேரில் பார்த்தால் அது மிக எளிமையாக இருக்கும்.

‘திரும்ப அடிக்க மனம் வருகுதா, நானா?’

‘பொய் சொல்லேலா, மிஸ். வருகுது.’

‘நேற்று வந்ததா?’

‘வந்தது. அடிக்கல்ல.’

‘என்ன செய்தீங்க?’

‘சின்னவளோட ஜெட்டியடிக்குப் போய் நிண்டேன்.’

இந்த இடத்தில் நல்ல பணியாளர் ‘மாஷா அல்லாஹ், அப்படியே இருங்கோ’ என்று பேச்சை முடித்துவிட மாட்டார். ஜெட்டியடியில் எவ்வளவு நேரம் நின்றார், அந்த ஆசை எத்தனை மணிக்கு அடங்கியது, நாளைக்கு மகள் பள்ளிக்கூடம் போனால் யாரோடு போவார் என்று தொடர்வார். நேற்று அவரே கண்டுபிடித்த வழி நாளைய திட்டமாகிறது. அதில் மருத்துவமும் உளவியலும் இருக்கின்றன. பெயர் சொல்லாமல் இருக்கின்றன.

மொழியும் முறையும் இதில் சேரும். கந்தளாயிலிருந்து வரும் சிங்கள இளைஞன், சாம்பல்தீவுத் தமிழர், மூதூர் முஸ்லிம் மூவரையும் ஒரே குழுவில் உட்கார வைக்க வேண்டிய மாவட்டம் இது. ஒருவர் அண்ணா, ஒருவர் நானா, ஒருவர் மல்லி. மூன்று ஊருக்கும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பழைய கணக்குகள் உண்டு. ஆனால் மறியல் என்ற ஒரே அனுபவம் அவர்களைப் பேச வைத்துவிடும்: சாப்பாடு, படுக்கை, பார்க்க வராத சொந்தம். குழுவைத் தொடங்க இதைவிட நல்ல வாசல் இல்லை.

மறுபடி விழுகிறவர்களும் இருப்பார்கள். ஒருமுறை பாவித்ததும் ‘எல்லாம் போச்சு’ என்று வீடு முடிவு கட்டிவிடும்; அவரும் அதையே நம்பி முழுதாக இறங்கிவிடுவார். இருந்தும் கடைசியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு; அவர்களுக்கு எது கைகொடுக்கிறது? பொஸ்டனில் 1930களின் கடைசியில் சேகரிக்கத் தொடங்கிய 500 இளங்குற்றவாளிகளின் பதிவுகளை ரொபர்ட் சாம்ப்சனும் ஜோன் லோப்பும் மீட்டெடுத்து ஆராய்ந்து 1993இல் எழுதியபோது, குற்றத்தை விட்டவர்களின் வாழ்வில் நிலையான வேலையும் நல்ல இல்லறமும் திருப்புமுனையாக நின்றதைக் கண்டார்கள். லிவர்பூலில் ஷாட் மருனா 2001இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: விட்டவர்கள் தங்கள் கடந்தகாலத்தை மறைப்பதில்லை, அதிலிருந்து பிறருக்குப் பயன்படும் ஒருவராகத் தங்களைக் கதை சொல்லிக்கொள்கிறார்கள். கிண்ணியாக்காரர் தன் தெருவில் புதிதாகப் பழகும் பையன் ஒருவனை எச்சரிக்கும் நாள் அவருக்கே பெரிய மருந்து. பொதுமேடையில் ஏற்றி ‘திருந்தியவர்’ என்று காட்சிப்படுத்துவது வேறு. அது அவர் கதையை அவரிடமிருந்து பறித்துவிடும்.

பணியாளருக்கும் ஒரு மனம் இருக்கிறது. கேட்கிற கதைகள் வீட்டுக்கு வரும், இரவில் தொலைபேசி அடிக்கும், நம்பியவர் ஏமாற்றுவார். தன்னைவிட அனுபவமுள்ள ஒருவரோடு மாதமொருமுறையாவது உட்கார்ந்து வேலையைப் பேசாதவர் சில வருடத்தில் ஒன்றில் கல்லாகிவிடுவார், அல்லது எல்லாரையும் காப்பாற்றப் புறப்பட்டு உடைந்துபோவார். சொந்தக் காசைக் கடனாகக் கொடுப்பது, பொலிஸில் தனிச் செல்வாக்கைப் பாவிப்பது, வழக்கில் சாட்சி சொல்ல வாக்களிப்பது ஆகியவை இரக்கமாகத் தெரியும், உறவைக் குலைத்துவிடும்.

எதை வெற்றி என்பது

திட்ட அறிக்கைகள் ஒரு கேள்வியையே கேட்கும்: மறுபடி சிறைக்குப் போனாரா? தண்டப்பணத்துக்காக உள்ளே போகிற நாட்டில் அது வறுமையைத்தான் பெரும்பாலும் அளக்கும். பொலிஸ் ஒரு தெருவை அதிகமாகச் சுற்றினால் அந்தத் தெருவின் ‘தோல்வி’ கூடும்.

இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று பணியாளரின் கையிலேயே இருக்கிறது. முதல் கிழமையில், நடுச்சாமத்தில் மனம் தடுமாறினால் யாருக்கு அழைப்பீர்கள் என்று கேட்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரு பெயர் வரும்: உம்மா. சிலருக்கு அதுவும் வராது, பணியாளரின் இலக்கம் மட்டும் இருக்கும். ஆறு மாதத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். சம்மாட்டி சேர்ந்தாரா, மைத்துனர் சேர்ந்தாரா, பள்ளிவாசல் மௌலவியோ கோயில் தருமகர்த்தாவோ சேர்ந்தாரா, மனைவி தானாக முன்வந்தாரா என்று பார்க்கலாம். பணியாளரின் பெயர் முதலாவதாக நிற்கும்வரை வேலை முடியவில்லை. அது கீழிறங்கி, ஊரார் பெயர்கள் மேலே ஏறியபிறகு கோப்பை மூடலாம்.

அந்தப் பெயர்களை எந்தத் திணைக்களமும் நியமிக்க முடியாது. படகு வைத்திருப்பவர், கராஜ் வைத்திருப்பவர், வாடகைக்கு அறை விடுபவர், மருமகனை மன்னிக்க யோசிக்கும் மாமனார் ஆகியோரிடம்தான் அவை இருக்கின்றன. பணியாளர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது கேட்பது காசோ கருணையோ அல்ல. 1841இல் அந்தச் செருப்புத் தைப்பவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான்.